சீக்காளி இல்லாத வீடு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நல்லையாவின் குடும்பத்தார் எவரும் சாராயம் தொட்டதில்லை. மூத்த மகள் துஷாந்தினிக்கு ஈரல் நோய் என்று கேட்டதும் அவர் முகம் கறுத்தது.

"இது குடியால வந்ததில்ல ஐயா," என்றார் பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் ஜெயமலர். "உடம்பு தன்ர ஈரலையே பகையெண்டு நினைச்சுத் தாக்குது. ஒருத்தருக்கும் தொத்தாது. குளிசையை ஒழுங்காப் போட்டா நல்லா இருப்பா. திடீரெண்டு மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ."

குளிசை வேலை செய்தது. கண்ணின் மஞ்சள் போனது. ஆனால் அதே குளிசையால் முகம் பூசணிக்காயாக ஊதியது. பசறையில் மாப்பிள்ளை அமைந்ததும் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சிரித்தார்கள்.

"ஈரல் கெட்டுப்போச்சாமே! அப்பனுக்கும் சேத்து மக குடிச்சிருச்சு போல."

அது நல்லையாவின் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து குளிசைப் பையை அடுப்பில் போட்டார்.

"அப்பா, டொக்டரம்மா சொன்னாங்கல்ல..."

"மூஞ்சி வத்தட்டும். தாலி ஏறுன பெறகு புருசன் வாங்கித் தருவான். அதுவரைக்கும் இந்த வீட்ல சீக்காளி கெடையாது."

கல்யாணத்துக்குள் முகம் வற்றியது. பசியும் போனது. சிறுநீர் தேயிலைச் சாயமாக இறங்குவதைத் துஷாந்தினி தாய் ராசம்மாவிடம் சொன்னாள். ராசம்மா கணவரிடம் சொல்லத் துணியவில்லை.

நலங்கு நாளன்று சுமங்கலிகள் அவளுக்கு மஞ்சள் பூசினார்கள். மணப்பெண் தலை நிமிரக் கூடாது என்பதால் எவரும் கண்களைப் பார்க்கவில்லை.

"என்னா நெறம்! தங்கமாட்டம் மின்னுறா," என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. நல்லையா மீசையைத் தடவிக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் போகவில்லை. அத்தை தேய்த்துப் பார்த்தாள், பிறகு தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கண்ணும் மஞ்சள். துஷாந்தினி நாக்குழறி அவள் மேலேயே சரிந்தாள்.

"சீக்குப் புடிச்சத எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?"

நல்லையா சபை முன் நிமிர்ந்து நின்றார். "நான் குடுத்த வாக்கு மாறாது. எளையவ ஆர்த்திகா இருக்கா. அவளுக்கு ஒரு நோயும் இல்ல."

கூடிய சனத்தைக் கலைக்க மனமின்றி மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். ராசம்மா மட்டும் மூத்தவளை ஆட்டோவில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனாள். வளைவுகளில் மகளின் தலை அவள் மடியில் உருண்டது.

மறுநாள் முகூர்த்தத்தில், அக்காவுக்கு எடுத்த கூறைச்சேலையில் ஆர்த்திகா அமர்ந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது நல்லையாவின் போன் அடித்தது. மறுமுனையில் ராசம்மாவின் ஓலம். மகள் போய்விட்டாள்.

சாவு தெரிந்தால் தாலி ஏறாது. அவர் போனை அணைத்து மடியில் செருகினார்.

"மேளத்த நிறுத்தாதீங்க," என்றார்.