தோற்றவன் கொடுக்கும் தேநீர்

எங்கள் ஊரில் அண்ணன் தம்பிச் சண்டைக்குக் கோர்ட்டு கிடையாது. ஃபான் அக்காவின் தேநீர்க்கடைதான். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நியாயம் பேச வேண்டும். கடையிலிருக்கிற அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். எவன் பக்கம் தப்போ அவன் எல்லோருடைய தேநீருக்கும் காசு கொடுத்துவிட வேண்டும். அதோடு வழக்கு முடிந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எவனும் எடுக்கக் கூடாது.

எங்கள் லுவோ வீட்டு வழக்கு அப்பாவின் கல்லறைக் கல். என் அண்ணன் பெய்லின்தான் செதுக்கக் கொடுத்தான். மகன்கள், மூத்த மருமகள், பேத்தி என்று எல்லோர் பேரும் அதில் இருந்தது. என் பெண்டாட்டி ஜின்ஃபெங் பேர் மட்டும் இல்லை. அவள் எனக்கு இரண்டாம் தாரமாம்! அப்பா படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியவள் அவள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே அண்ணன் வீட்டு வாசற்படி மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அவன் மகள் ஷின்னுக்குக் கல்யாணம். நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. “சித்தப்பாவும் சித்தியும் வராம நான் மாப்பிள்ளை வண்டியில ஏற மாட்டேன்” என்று அழுது, அண்ணன் தம்பி இருவரையும் அந்தச் சாயங்காலம் கடைக்கு இழுத்து வந்தவள் அவள்தான்.

வெளியே நல்ல மழை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, கடை நிரம்பி வழிந்தது. அப்போது தொப்பலாக நனைந்து ஒரு வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். காலியாக இருந்தது எங்கள் மேசையில் ஒரு மூங்கில் நாற்காலி மட்டும். ஃபான் அக்கா அவனை அதில் அழுத்தி உட்காரவைத்து, தேநீரை ஊற்றிவிட்டாள். பாவம், இலையும் தண்ணியுமாகக் குடித்துப் புரையேறி இருமினான். என்னைத் திட்டிக்கொண்டிருந்த அண்ணன் பாதியில் நிறுத்தி, கிண்ணத்தின் மூடியால் இலையை ஒதுக்கி எப்படிக் குடிப்பது என்று அவனுக்குக் காட்டினான். காட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து திட்டினான்.

“கல்லுல எடம் இல்லடா! எத்தனை தடவை சொல்றது?”

“உன் பேரு மட்டும் பூசணிக்கா சைஸுல இருக்கே, அதுக்கு எடம் இருந்துச்சா?”

“மூத்தவன்டா நான்!”

“மூத்தவனா லட்சணமா நடந்துக்க அண்ணே. அவ என்ன சொத்தா கேட்டா? ஒரு பேரு!”

கடையில் பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் அவன் பக்கம். ஃபான் அக்கா மேசையைத் தட்டினாள். “கத்துனது போதும். யாரு காசு வைக்கிறீங்க?”

“அவன் வைக்கட்டும்,” என்றான் அண்ணன்.

“செத்தாலும் வைக்க மாட்டேன்.”

அண்ணன் எழுந்துவிட்டான். “அப்ப கல்யாணத்துக்கும் வராத, போ!” ஷின் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் ‘நானே வைக்கிறேன்’ என்று சொல்ல இந்தப் பாழாய்ப்போன வாய் வரவில்லை.

வெள்ளைக்காரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மெல்ல எழுந்து ஃபான் அக்காவின் மேசைக்குப் போனான். தன்னைக் காட்டினான், கடை முழுவதையும் கையால் வளைத்துக் காட்டினான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் போனை நீட்டி மொத்தக் காசையும் கட்டிவிட்டான்.

அவன் போனில் எதையோ தட்டி எங்களிடம் நீட்டினான். போன் எங்கள் மொழியில் பேசியது. “இந்த நாட்டில் பணம் கொடுக்கும் பெருமைக்காகச் சண்டை போடுவார்கள் என்று தெரியும். நீங்கள் எனக்கு இடம் கொடுத்தீர்கள். இன்று நான் கொடுக்கிறேன். சகோதரர்கள் கோபப்பட வேண்டாம்.”

ஃபான் அக்காதான் முதலில் சிரித்தாள். “கேட்டுக்கோங்க எல்லாரும்! காசு வெச்சவன்தான் குத்தவாளி. லுவோ வீட்டுக் கல்லுல பேரு விட்டுப்போனது இந்தத் தம்பியோட தப்பு. வழக்கு முடிஞ்சுது!”

கடையே அதிர்ந்தது. ஒருவர் அவன் முதுகில் தட்டி, “ஏன்டா தம்பி அப்படிப் பண்ணுன?” என்றார். அவனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். காசைத் திருப்பித் தர வந்தேன் என்று நினைத்தானோ என்னவோ, தலையைத் தலையை ஆட்டினான். அவன் எந்த ஊரோ, என்ன பேரோ. நல்லா இருக்கட்டும், அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும். என் வாழ்நாளில் நான் இத்தனை கடன்பட்ட மனுஷன் வேறு யாருமில்லை.

அண்ணன் மறுபடி உட்கார்ந்தான். தேநீர்க் கிண்ணத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தான்.

“தப்பு அவனோடதுதான்,” என்றான் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல். “அதுக்காக அவனா வந்து கல்லு செதுக்குவான்? நாளைக்குக் கல்தச்சனைக் கூட்டிட்டுப் போறேன்.”

கிண்ணத்தைச் சுற்றுவதை நிறுத்தினான்.

“ஜின்ஃபெங் பேரு, உன் பேருக்குப் பக்கத்துலயா, கீழயாடா? சொல்லித் தொலை.”

“பக்கத்துல அண்ணே,” என்றேன்.