பில்லில் யார் பேர்

தேவயானி காலையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். மலைக்குக் கீழே சந்தவாசலில் லேப்டாப் விற்கும் கடை இரண்டே இரண்டு. அதில் ஒன்று கோகுல்ராஜுடையது. அவளுக்கு மாமன் மகன். போன தை மாதம் அப்பனைக் கூட்டிக்கொண்டு ஊரறியப் பெண் கேட்டு வந்தவனிடம், "உன்னக் கட்டிக்கிற எண்ணமில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லியும், வெட்கமில்லாமல் போன் போட்டுத் "தேவி, தேவி" என்று உயிரை வாங்குகிறவன்.

"மட்டமா இருந்தாலும் அடுத்த கடைக்கே போலாம்ப்பா" என்றால் வேடியப்பன் கேட்டால்தானே! "சொந்தக்காரன் கடைய வுட்டுட்டு அசலான்கிட்ட போனா ஊரு காறித் துப்பும்" என்று முடித்துவிட்டார். தன்னை விட்டு வேறு யாரையாவது அந்த ஊர் காறித் துப்பினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

சும்மா ஆசைக்கு லேப்டாப் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்து வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஆரம்பம். சொந்தமாக லேப்டாப் வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. வேலை இருந்தால் யார் கையையும் எதிர்பார்க்காமல் மலைமேல் தன் ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த தைக்கும் இதே கோகுல்ராஜ் தாம்பாளத்தோடு வந்து நிற்பான்.

அதற்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கூடப் படித்த மஞ்சுளாவிடம் கேட்டாள், வீடியோ வீடியோவாகப் பார்த்தாள், ஒரு நோட்டில் கோடு போட்டு விலை, பேட்டரி, வாரண்டி, ரிப்பேர் என்று ஒவ்வொரு பிராண்டுக்கும் எழுதினாள். மலையில் மழை தூறினாலே கரண்ட் போய்விடும். அதனால் பேட்டரிதான் முதல். கடைசியில் இரண்டு மிஞ்சின. வெள்ளி நிறத்தது நாற்பத்தைந்தாயிரம், எட்டு மணி நேர பேட்டரி, மூன்று வருட வாரண்டி, கெட்டால் வீட்டுக்கே ஆள் வரும். கறுப்பு நிறத்தது நாற்பத்து மூன்று, பேட்டரி நாலு மணி நேரம், வாரண்டி ஒரே வருடம், கெட்டால் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கறுப்பைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். வெள்ளி இருந்தது கோகுல்ராஜ் கடையில் மட்டும். விதியைப் பாருங்கள்!

மலையிலிருந்து ஜீப்பில் வரும்போதே அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "ஒரு ரூபா கூட கொறைச்சுக் கேக்காத. ஒரு பை கூட சும்மா வாங்காத. சொல்ட்டேன்."

அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் ஊரில் முறைப்பையன் கொடுத்த பொருள், பெண் வீட்டில் விளக்கு வைத்த பிறகும் தங்கிவிட்டால் பரிசம் வாங்கியதாகத்தான் அர்த்தம். சேலையாக இருந்தாலும் சரி, ஆட்டுக்குட்டியாக இருந்தாலும் சரி. மறுநாள் ஊர்க்கவுண்டர் நாள் குறிக்க வந்துவிடுவார். பெண்ணை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

கடையில் அவள் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தாள். மூடித் திறந்து கீலைப் பார்த்தாள். "புளி பாக்குற மாதிரி பாக்குறா பாரு" என்று கோகுல்ராஜ் வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தான். அவள் நிமிரவே இல்லை. பணம் அப்பாவின் மடியில் இருந்தது. அவர்தான் கல்லாப் பக்கம் போனார். பெட்டியை ஒட்டிக் கொடுத்தார்கள். வந்துவிட்டார்கள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் மேலேயே பில் இருந்தது. வாங்கியவர் என்ற இடத்தில் கோகுல்ராஜ் என்று அடித்திருந்தது. வாரண்டி அட்டையிலும் அவன் பேர்தான்.

"இன்னாப்பா இது?"

வேடியப்பன் மடியைத் தடவினார். பணம் அப்படியே இருந்தது. "அவன் வாங்க மாட்டேன்ட்டான்மா. முறைக்காரன்தான, ஆசையா குடுக்குறான். நல்ல பொருளு, நீயே சொன்ன. காசும் மிச்சம்."

பெற்ற அப்பன்! நாற்பத்தைந்தாயிரம் மிச்சம் என்று மகளை விற்றுவிட்டு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்கிறார். "காசக் குடு" என்று கை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்து அவர் கொடுத்துவிட்டார். "நான் வர மாட்டேன், என் மானம் போவும்" என்றார். "இனிமே போறதுக்கு இன்னா கீது?" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதிய ஜீப்பைப் பிடித்தாள்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. பெட்டியைக் கல்லா மேல் வைத்தாள். பக்கத்தில் பணத்தை வைத்தாள்.

"கடைக்காரரே, என் பேர்ல பில் போடுங்க."

"மாமான்னு கூப்ட வாய் வராதா?"

"பில் போடுங்க."

கோகுல்ராஜ் பணத்தை ஒரு விரலால் தள்ளினான். "உங்கிட்ட காசு வாங்குனா எனக்கு இன்னா மரியாத? விளக்கு வைக்க இன்னும் எத்தினி நேரம் கீது? பேசாம வூட்டுக்குப் போ."

"அப்ப வேணும்னேதான் பண்ணியிருக்க."

"பின்ன? எங்கப்பன ஊரு முன்னாடி தலகுனிய வச்சவதான நீ! இதே மாடலு ஆரணி வரைக்கும் போனாலும் கெடைக்காது. திங்கக்கெழம வெறுங்கையோட உக்காந்து அழு."

"அழறேன். என் கண்ணுதான, நான் அழுதுக்கறேன்."

பணத்தை எடுத்தாள். பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். நின்றிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் பாத்துக்குங்க. இவரு பொருள விளக்கு வைக்கறதுக்கு முன்ன திருப்பிக் குடுத்துட்டேன்" என்றாள். போனுக்கு உறை வாங்க வந்திருந்த ஒரு அம்மா, விஷயம் முழுக்கப் புரியாவிட்டாலும், "பாத்தேம்மா, நீ போ" என்றாள். கோகுல்ராஜ் மூஞ்சி செத்துவிட்டது.

அடுத்த கடை சிவசங்கரியுடையது. அங்கே கறுப்புதான் இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்த அதே கறுப்பு. அவன் சொன்னது பொய்யில்லை. வெள்ளி எங்கேயும் கிடைக்காது என்பது அவளுக்கே தெரியும். ஆத்திரத்தில் அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"பில்லுல யார் பேருங்க போடறது?" என்று சிவசங்கரி கேட்டாள்.

"வே. தேவயானி." அடித்ததும் வாங்கிப் பார்த்தாள். வாரண்டி அட்டையையும் வாங்கிப் பார்த்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது அம்மா விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வேடியப்பன் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது மூணு வருசம் வாரண்டின்னான். இது எத்தினி?"

"ஒண்ணு."

"படிச்சவ கணக்கப் பாரு! எது லாபம், நீயே சொல்லு."

தேவயானி லேப்டாப்பின் வயரைச் சுவரில் சொருகினாள். கரண்ட் இருந்தது. "அந்த மூணு வருசமும் அவனுது. இந்த ஒரு வருசம் என்னுது" என்றாள்.