கிள்ளிய காம்புகள்

அக்காவின் கணவர், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கிளையை அவள் மேசைமேல் போட்டார். சாலைத் துறைப் பொறியாளர் அவர். மைத்துனியான அவள் செடி ஆய்வகத்தில் வேலை பார்ப்பதை, ‘களை பிடுங்குற உத்தியோகம்’ என்று பத்து வருடமாகச் சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரித்தவர். இன்று அவள் கையெழுத்துக்காக வந்திருந்தார்.

“தோட்டத்துச் செடி, காட்டுக்குள்ள பரவிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடு. ரோடு போட மரம் வெட்டுற அனுமதி இதுல நிக்குது.”

“பார்க்காம எழுத மாட்டேன், அத்தான்.”

“அரிச்சந்திரன் தங்கச்சி!”

கிளையை உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள். எதிரெதிர் இலைகள், ஐந்து மஞ்சள் இதழ்கள். இதே தோற்றத்தில் இரண்டு செடிகள் உண்டு. தோட்டச் செடியின் காய் உலர்ந்து வெடிக்கும். இந்த மண்ணின் அரிய காட்டுச் செடிக்குச் சாறுள்ள கறுப்புப் பழம்; அது வளரும் இடத்தில் மரம் வெட்ட அனுமதி கிடைக்காது. கிளையில் ஒரு பழமும் இல்லை.

“பழம் எங்க?”

“வழியில உதிர்ந்திருக்கும்.”

“உதிர்ந்தா இப்படியா இருக்கும்? காம்பெல்லாம் அப்படியே நிக்குது. நகம் பட்ட இடம் இன்னும் ஈரமா இருக்கு.”

அவர் முகம் சிவந்தது. “என்னையே திருடன்னு சொல்றியா? உங்க அக்கா வீட்டு வாசப்படி மிதிக்கணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கோ.”

அவள் காலணியை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினாள். அவரும் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். மர நிழலில், முழங்கால் உயரத்துக்குப் புதர் புதராக அந்தச் செடி. மண்டியிட்டு இலைகளை விலக்கினாள். பூக்களுக்குக் கீழே கறுப்புப் பழங்கள். ஒன்றை நசுக்கினாள்; சாறு விரலில் வழிந்தது.

“இது இங்கயே பொறந்த செடி. பாத்துக்கோங்க.”

“நல்லா இரு!” என்று பல்லைக் கடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அறிக்கை போனது. சாலை காட்டைச் சுற்றிப் போகும் என்று முடிவானது. அன்று சாயங்காலம் அக்கா தொலைபேசியில் கத்தினாள்.

“செடியப் பத்தி எழுதினது உன் வேலை. பழத்தக் கிள்ளிட்டுக் கொண்டுவந்தாருன்னு எதுக்குடி எழுதின? அவரை வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சுட்டாங்க.”

“நடந்ததத்தான் எழுதினேன்.”

“இல்ல. கறுவிக்கிட்டே இருந்து எழுதின.”

 அந்த வரி இல்லாமலே செடி எதுவென்று தீர்ந்திருக்கும். தெரிந்தேதான் எழுதினாள்.

“ஆமாக்கா,” என்றாள். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.