புழு வயிற்றுக் கரைசல்

பன்றிப் பண்ணைக்காரர் சுத்தத்தில் ஒரு மாதிரி. சொந்தத் தங்கையே வந்தாலும் செருப்பைக் கழுவாமல் கொட்டில் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவரிடம் போய், குப்பை தின்னும் ஈப்புழுவின் வயிற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குட்டிகளுக்குக் கொடுக்கச் சொன்னால் மனிதர் என்னதான் செய்வார்?

சொன்னவள் அந்தத் தங்கைதான். ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷமாக அந்தப் புழுக்களோடுதான் அவளுக்குக் குடித்தனம். பால் மறந்த குட்டிகளுக்கு வருகிற கழிச்சலை அந்த நுண்ணுயிர்கள் அடக்கிவிடும் என்பது அவள் கட்சி. இந்தச் சோதனையும் தேறாவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவோம் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

"இந்தக் கரைசல்ல தினமும் ஒரு கரண்டி தீவனத்துல கலந்துடுண்ணா. அவ்வளவுதான்."

"புழு வயித்துல இருந்ததையா? சீச்சீ!"

"உன் வயித்துல இருக்கறது மட்டும் சந்தனமாக்கும்!"

மூன்று வாரம் கழித்து அவள் வந்து பார்த்தபோது குட்டிகள் முன்பு போலவே கழிந்துகொண்டு, எலும்பும் தோலுமாக நின்றன. எழுத எடுத்த நோட்டை அப்படியே மூடினாள்.

"தோத்துட்டேண்ணா. நாளைக்கே மூடிடச் சொல்லிடறேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பண்ணைக்காரருக்குப் பகீர் என்றது. உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். ஆயுசுக்கும் இவள் வாயில் விழ வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

"அதை நான் அப்படியே குடுக்கலைம்மா."

"பின்ன?"

"கொதிக்க வெச்சுக் குடுத்தேன். அரை மணி நேரம், நல்லா தளதளன்னு. அப்புறம் ஆற வெச்சு, வடிகட்டி..."

"வடிகட்டி வேறயா!"

அவள் தீவன மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது உயிரோட இருந்தாதானே வேலை செய்யும்! ஆறு வருஷம் நான் வளர்த்ததை நீ சூப்பு வெச்சிருக்கே!"

சிரித்து முடித்ததும் நோட்டைத் திறந்தாள். "இப்பக் கேளு. அடுத்து பால் மறக்கற குட்டிகள்ல பாதிக்குப் பச்சையா குடு. மீதிப் பாதிக்கு இதே மாதிரி கொதிக்க வெச்சுக் குடு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா, யாரும் என் ஆராய்ச்சியை மூட முடியாது."

"அப்போ அந்த மீதிப் பாதி?"

"மூணு வாரம் கழியும்ணா. அப்புறம் அதுங்களுக்கும் பச்சையா குடுத்துடலாம்."

"தெரிஞ்சே கொதிக்க வைக்கணுமா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

அடுத்த வாரம், புதுக் குட்டிகள் தீவனத் தொட்டியில் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, அவர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினார். இத்தனை நாள் குட்டிகள் மேல் இருந்த பாசத்தில் மூட்டிய அடுப்புதான். இன்றைக்குக் கை வரவில்லை. வாசலில் நின்றிருந்த தங்கையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு பற்ற வைத்தார்.