தூக்கியெறிந்த எட்டாவது சோதனை

அலுவலகத்தில் அவளுக்குக் ‘காரணியக்கா’ என்றுதான் பெயர். பள்ளியில் சேரும் பிள்ளைகளின் திறனை அளக்க எட்டுச் சோதனைகள். எந்தெந்த மதிப்பெண்கள் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன, அவற்றுக்கு அடியில் கிடக்கும் பொதுக் காரணி எது என்று கணினியில் போட்டுச் சலிப்பது அவள் வேலை. ஏழு சோதனைகள் ஒற்றுமையாக நின்றன. கட்டை அடுக்கும் எட்டாவது மட்டும் முரண்டு பிடித்தது. இவளா விடுவாள்? தூக்கியெறிந்தாள். ஏழு சோதனைகளையும் சேர்த்து இழுத்த அந்தக் காரணிக்குப் ‘பொதுத்திறன்’ என்று பெயரும் வைத்தாள்.

அதில் குறைந்த பிள்ளைகளைப் படிப்பு வராதவர்கள் என்று ஒதுக்கித் தனிப்பள்ளியில் போட்டார்கள். அவள் தங்கை மகளும் குறைந்தாள்.

“கட்டை அடுக்குறதுல முழு மார்க் வாங்கியிருக்காளேக்கா!” என்று தங்கை கெஞ்சினாள்.

“அது எதோடயும் ஒட்டாத சோதனைடி. கணக்குல வராது. நம்ம பிள்ளைங்கறதுக்காகத் தனிக் கணக்கா போட முடியும்?”

நேர்மையாம், நேர்மை! அன்றைக்கு அவளுக்குப் பெருமை வேறு.

இரண்டு வருடம் கழித்து, தங்கை வீட்டுக் கூடத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கூப்பிட்டாள். உரக்கக் கூப்பிட்டாள். ம்ஹூம். தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பி, பெரியம்மாவின் உதட்டையே பார்த்தது.

காரணியக்கா சோதனை நடக்கும் விதத்தை மனதில் ஓட்டிப் பார்த்தாள். அந்த ஏழு சோதனைகளின் கேள்விகளையும் நடத்துகிறவர்கள் தாளில் குனிந்தபடி வாயால் வாசிப்பார்கள்; உதடு தெரியாது. கட்டைச் சோதனையை மட்டும்தான் கையால் செய்து காட்டுவார்கள். அடிப்பாவி, காது மந்தமான பிள்ளைகள் ஏழிலும் சேர்ந்தே விழுந்திருக்கிறார்கள். அவள் பெயர் வைத்த திறனில் எத்தனை பங்கு வெறும் காதோ!

மேலாளரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“தனிப்பள்ளியில சேர்த்தது சேர்த்ததுதான்மா. இப்ப போய்க் கிளறினா நம்ம பேருதான் நாறும். பேசாம வேலையைப் பாருங்க.”

அன்று மாலையே, அலுவலக மூலையில் தூசி படிந்து கிடந்த கட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பேசாமல் ஒரு வடிவத்தை அடுக்கிக் காட்டினாள். கலைத்துவிட்டு, ‘நீ செய்’ என்று கையை நீட்டினாள்.

பிள்ளையின் கண் கட்டைகள் மேல் விறுவிறுவென ஓடியது. விரல்கூட எழுந்தது. பிறகு என்ன நினைத்ததோ, இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டது.

“எனக்கு வராது பெரியம்மா. நான் மக்கு இல்ல? பள்ளிக்கூடத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

பெரியம்மா வருத்தப்படக் கூடாதே என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னது.