முச்சந்தியில் எரிந்த மெழுகு

என் நாத்தனார் அம்முவைப் போல அண்ணன்மேல் உயிரையே வைத்த தங்கச்சியை எங்கேயும் பார்க்க முடியாது. இங்கே தண்டையார்பேட்டையில் அவர் தும்மினால், கொருக்குப்பேட்டையில் அவள் கஷாயம் வைப்பாள். அன்றைக்கு அவளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது எனக்கு.

என் வீட்டுக்காரர் அன்பரசன் மணலியில் சாயப்பொடி டிரம் கழுவும் கிடங்கில் வேலை பார்த்தவர். மூத்திரத்தில் ரத்தம் வந்தபோது, சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் மூத்திரப்பையில் கட்டி என்று சுரண்டி எடுத்தார்கள். இப்போது புற்று வெளியேயும் பரவிவிட்டது. கிட்னி பழுதானதால் கீமோவும் தாங்காதாம்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. கட்டியின் ஜீனில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அதற்கென்றே ஒரு மாத்திரை உண்டு. மாற்றம் இல்லாவிட்டால் அது வெறும் சுண்ணாம்பு. மாற்றம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, முன்பு வெட்டிய துண்டு வேண்டும். மெழுகில் பதித்து வைத்திருந்த அதை, சின்ன பிளாஸ்டிக் கூட்டில் கொடுத்தார் டாக்டரம்மா.

"இது ஒண்ணுதான் மிச்சம். மறுபடி வெட்ட அவர் உடம்பு தாங்காதும்மா. திங்கட்கிழமை லேப்ல கொடுத்துடுங்க."

வெயிலில் உருகிவிடுமோ என்று அரிசிப் பானைக்குள் வைத்தேன். ஞாயிறு அமாவாசை. திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயோடு வந்த அம்மு, அரிசி எடுக்கப்போய் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது?"

"உங்கண்ணனுக்கு அறுத்த கட்டி. டெஸ்டுக்கு வேணும், தொடாத."

"கட்டிய வூட்லயே வச்சிகினு கீறியே! அப்பறம் எப்டி நோவு வுட்டுப் போவும்?"

தண்ணி லாரி வந்துவிட்டது. குடத்தோடு ஓடினேன்.

திரும்பி வந்தால் பானை திறந்து கிடக்கிறது. அவர் நெற்றியில் கரிப்பொட்டு.

முச்சந்திக்கு ஓடினேன். உடைந்த பூசணிக்காய்க்கு நடுவே கற்பூரம் அணைந்துகொண்டிருந்தது. மெழுகு நன்றாகத்தான் எரிந்திருக்கிறது. வெறும் கையால் துழாவினேன். சுருண்ட பிளாஸ்டிக் விரலைச் சுட்டது. சதை இருந்த இடத்தில் கரிதான் இருந்தது. டேங்கர் லாரிக்காரன் ஹாரன் அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டினான். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஐயோ ஐயோ என்று அலறினேன்.

அம்மு வந்து என்னைத் தூக்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அழாத அண்ணி. மூணு சுத்து சுத்திக் கொளுத்திட்டேன். இனிமே எங்கண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது."

வீட்டு வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த கரியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவளைக் கிழித்துவிட வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"டீ போடு, செங்கொடி. பாவம், அம்மு வெயில்ல நடந்து வந்துகீது."

அடுப்படிக்கு என் பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அந்த மாத்தம் இருந்துச்சா இல்லியான்னு இனிமே யாருக்குய்யா தெரியும்?" என்றேன்.

"நான் செத்தப்பறங்கூட இத்த அதுகிட்ட சொல்லிடாத."

டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தவில்லை என்றாள் அம்மு. போட்டேன்.