தைத்தால் செல்லாத கவசம்

அம்மா வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட வேண்டும் என்று கிஷாந்த் பகடையை அவசரமாக உருட்டினான். ஆறு விழுந்தது. ஆட்டக் கதையில் பூதத்தின் அடி நண்பன் வினோஜனின் வீரன் மேல் பட்டது. வினோஜன் தன் கவசத்தில் ஒரு மூலையைக் கத்தரித்தான். நான்கு மூலையும் போனால் கவசம் முடிந்தது, அடுத்த அடி உடம்பில். சட்டம் போட்டவன் கிஷாந்த்தான். காகித அட்டையில் செய்த கவசங்கள் சீக்கிரம் கிழிந்ததால் நேற்றுத் தடித்த ஒன்றைத் தேடினான். தேடியவன் கண்ணில் பட்டது அம்மாவின் படங்கு.

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஈரமும் அட்டைப்பூச்சியும் ஏறாமல் அம்மா ஜீவராணி இடுப்பில் கட்டும் றப்பர் துணி அது. பக்கத்து லயத்து வீட்டுப் பெண்களுக்குத் தோட்டத்தில் புதுப் படங்கு கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கும் கிடைத்திருக்கும், விறகின் மேல் கிடப்பது கழித்துப் போட்டது என்று எண்ணி வெட்டிவிட்டான். அவள் முறை வருமுன்பே புதியவை தீர்ந்துபோனது அவனுக்குத் தெரியாது. ஓரம் தைப்பதற்காக எடுத்து வைத்ததை இன்று காலை அவள் விறகைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். அவன் கம்பளிக்குள் விழித்துக்கொண்டே கிடந்தான். கடைசியில் அவள் உரப்பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடினாள். வெட்கம் அப்போதிருந்தே அவனைப் பிடுங்கித் தின்றது.

ஆட்டம் முடியவில்லை. ஜீவராணி வந்துவிட்டாள். உரப்பை ஊறிச் சேலை முழங்காலில் ஒட்டியிருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம். தலவாக்கலை நகரிலிருந்து வந்திருந்த வினோஜனையும் அன்டனையும் கண்டதும் கதவோரம் ஒதுங்கி, "வாங்க தம்பி" என்றாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

என்ன விளையாட்டு என்று கேட்டாள். வினோஜன் உற்சாகமாக எல்லாவற்றையும் விளக்கினான். அவள் ஒரு கவசத் துண்டை எடுத்தாள். அதில் அவளே போட்ட நீல நூல் தையல் இருந்தது. இரண்டு வசவாவது விழாதா என்று கிஷாந்த் ஏங்கினான்.

"கிழிஞ்சத தச்சிக்கிட்டா செல்லாதா தம்பி?"

"செல்லாதுங்க ஆன்ட்டி. வெட்டுனது வெட்டுனதுதான். இவன் போட்ட ரூல்ஸ்."

துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"அம்மா, நான்தான்..." என்று தொடங்கினான் கிஷாந்த். நண்பர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் மேசை மேல் குனிந்துகொண்டான்.

"தேத்தண்ணி ஊத்துறேன். குடிச்சிட்டுப் போகச் சொல்லு," என்று உள்ளே போனாள்.

அன்டன் பகடையைக் கிஷாந்தின் கையில் திணித்தான். அடுப்பங்கரையில் அவள் சேலையைப் பிழியும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்தது.